பிளாட்டரை இடம் மாற்றப் போகிறீர்களா? இங்க் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க முழு வழிகாட்டி

ஆபீஸ் காலி செய்யும்போது எல்லோரும் பிளாட்டரின், அதாவது பெரிய தாளில் பிளான் அடிக்கும் பிரிண்டரின், எடையைப் பார்த்துத்தான் மலைக்கிறார்கள். எடை இதில் சின்ன விஷயம். ஸ்கேனர் சேர்ந்த சில மாடல்கள் 100 கிலோவைத் தாண்டும் என்பது உண்மைதான், ஆனால் நம் ஊர் லோடுமேன்கள் இரும்பு பீரோவை மூன்றாவது மாடிக்குப் படியில் ஏற்றுகிறவர்கள், அவர்களுக்கு இது ஒரு சுமையே இல்லை. வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. பீரோவைத் தூக்குகிற பழக்கத்தில் இதையும் சாய்த்து, நிமிர்த்தி, படுக்கப்போட்டுத் தூக்கிவிடுவார்கள். பிளாட்டருக்குள் இங்க் இருக்கிறது. கார்ட்ரிட்ஜில் மட்டும் இல்லை, அங்கிருந்து, தாளில் இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ட்யூப்களில், ஹெட்டுக்குள், கழிவு இங்க் சேரும் இடத்தில் என்று பல இடங்களில் இருக்கிறது. மூடி இறுகாத சாம்பார்த் தூக்கைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவது போலத்தான் இதைக் கொண்டுபோக வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

எந்த மெஷின் என்று முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆர்க்கிடெக்ட், சிவில் இன்ஜினியர் ஆபீஸ்களில் பிளான் அடிக்க வைத்திருக்கும் 24, 36, 44 இன்ச் இங்க்ஜெட் பிளாட்டர்கள்: எச்பி டிசைன்ஜெட், கேனான் இமேஜ்ப்ரோகிராஃப், எப்சன் ஷ்யூர்கலர் வகையறா. ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் கிப், ரிக்கோ மாதிரியான டோனர் மெஷின்கள் வேறு ஜாதி. எடை பல மடங்கு, உள்ளே டிரம், சூடாகும் ஃபியூசர், கொட்டினால் அறை முழுக்கப் பறக்கும் டோனர் பவுடர். அதற்கு இன்ஜினியர் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஃபிளெக்ஸ் அடிக்கும் சால்வென்ட் மெஷினுக்கும் அதே பதில்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் அளவெடுங்கள்

மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பாவது இரண்டு இடங்களையும் அளந்துவிட வேண்டும். பலரும் புது இடத்தில் மெஷின் நிற்குமா என்று மட்டும் பார்க்கிறார்கள். அங்கே நிற்கும், அதில் சந்தேகமில்லை. அங்கே போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

24 இன்ச் என்பது பேப்பரின் அகலம், மெஷினின் நீளம் இல்லை. இரண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் பெட்டி, ஹெட் ஒதுங்கும் இடம், சர்க்யூட் எல்லாம் சேர்ந்து 24 இன்ச் மெஷின் ஏறத்தாழ 1 மீட்டர் வரும், 36 இன்ச் 1.3 முதல் 1.4 மீட்டர் வரை போகும், 44 இன்ச் மாடல்களில் சில 1.8 மீட்டரைத் தொடும். உங்கள் மாடலின் சரியான அளவு மேனுவலில் இருக்கும், இருந்தாலும் கையால் ஒருமுறை அளந்துவிடுங்கள், ஏனென்றால் ஸ்டாண்டைப் பிரிக்காமல் கொண்டுபோனால் அதன் காலையும் சேர்த்துத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

இப்போது லிஃப்ட். நம் ஊர் அப்பார்ட்மென்ட் மாதிரி கட்டடங்களில் வழக்கமாக இருப்பது 6 பேர், 408 கிலோ லிஃப்ட். கொஞ்சம் பெரிய இடமென்றால் 8 பேர், 544 கிலோ. தலைக்கு 68 கிலோ என்ற கணக்கு. எடையைப் பொறுத்தவரை இரண்டுமே தாராளம். ஆனால் 6 பேர் லிஃப்டின் உள் அளவு பொதுவாக 1.1 மீட்டருக்கு 1 மீட்டர், 8 பேர் லிஃப்ட் 1.3 மீட்டருக்கு 1.1 மீட்டர். 1.4 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள 36 இன்ச் மெஷினை இதற்குள் நேராகவும் வைக்க முடியாது, மூலைக்கு மூலை கோணலாகவும் வைக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மட்டமாக வைத்து எப்படித் திருப்பினாலும் இடிக்கும்.

இந்த இடத்தில்தான் லோடுமேன்களில் மூத்தவர் லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், ஒரு பக்கமா நிமிர்த்திட்டா அழகா போயிடும் சார்" என்பார். அளவுப்படி அவர் சொல்வது முழுக்கச் சரி. செங்குத்தாக நிறுத்தினால் அந்த லிஃப்டுக்குள் நன்றாகவே போகும். ஆனால் நிறுத்திய அந்த ஒரு நிமிஷத்தில் மேல் பக்கம் போன ட்யூபில் காற்று ஏறும், கீழ்ப் பக்கம் போன ஹெட் பார்க்கிங்கிலிருந்து கழிவு இங்க் வழிந்து சர்க்யூட் போர்டு, சென்சார் என்று கண்ட இடத்தில் இறங்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஆன் செய்யும்போதுதான் தெரியும். "வேண்டாம்ணே, உள்ள இங்க் இருக்கு, இப்ப நிக்கிற மாதிரியே மட்டமாத்தான் போகணும்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அதைவிட நல்லது, லிஃப்ட் வாசலில் நின்று சொல்லாமல் கூலி பேசும்போதே சொல்லிவிடுவது. படியில்தான் வரும், சாய்க்கவே கூடாது என்றால் கூலி கொஞ்சம் கூடும், கொடுத்துவிடலாம்.

இன்னொரு வாதமும் வரும், உங்கள் ஆபீஸ் ஆளிடமிருந்தே. புது மெஷின் வந்தபோது அதைப் படுக்கப்போட்டுத்தானே ஸ்டாண்டைப் பூட்டினார்கள், அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். சில மாடல்களில் அப்படித்தான் பூட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு அதற்குள் இங்க்கே போயிருக்காது, ஸ்டாண்டைப் பூட்டி நிறுத்திய பிறகுதான் கார்ட்ரிட்ஜ் போட்டு ட்யூப் நிரப்பியிருப்பார்கள். பயன்பாட்டில் இருந்த மெஷினுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, லிஃப்டில் போகாது என்றால் என்ன வழி? பெரிய வணிகக் கட்டடம் என்றால் சர்வீஸ் லிஃப்ட் இருக்கும், ஆனால் அதைக் குறிப்பிட்ட நேரத்தில்தான் தருவார்கள், பல இடங்களில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதியும் கேட்பார்கள், செக்யூரிட்டிக்குக் கேட் பாஸும் வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே முடித்துவையுங்கள். சர்வீஸ் லிஃப்ட் இல்லையென்றால் படிதான். படியின் அகலத்தை விட முக்கியம் திருப்பத்தில் இருக்கும் மேடை, அதாவது லேண்டிங். 1.4 மீட்டர் மெஷினை மட்டமாக வைத்துக்கொண்டு அங்கே திரும்ப முடியுமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: மெஷினின் நீள அகலத்துக்கு ஒரு அட்டையை வெட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு படியில் ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும், வாட்ச்மேன் சிரிப்பார், பரவாயில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டும் என்றால் அதற்குக் கூடுதலாக ஒரு ஆள் தேவை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்குவது நம் ஊரில் சோபாவுக்கும் கண்ணாடிக்கும் சகஜம். பிளாட்டருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்றில் ஆடும், ஒரு கயிறு முந்தினாலே சாய்ந்துவிடும்.

ஏ.எம்.சி., பில், இன்சூரன்ஸ்

ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் சர்வீஸ் கம்பெனிக்கு முதலில் மெயில் போடுங்கள். தங்களுக்குச் சொல்லாமல் மெஷினை நகர்த்தினால் பொறுப்பில்லை என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள். கழற்றுவதற்கு ஒருமுறை, மாட்டுவதற்கு ஒருமுறை என்று இன்ஜினியர் வருவதற்குத் தனியாகக் கட்டணம் கேட்கலாம். என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் கழற்றும்போது கூப்பிடுங்கள். மாட்டுவதை மேனுவலைப் பார்த்து நாமே செய்துகொள்ளலாம், கிளம்பும் முன் இங்க்கைச் சரிபண்ணி வைப்பதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. மெஷின் வாடகைக்கு எடுத்தது என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அவர்களே வந்து எடுத்துப் போகட்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஆபீஸ் என்றால் வண்டியோடு ஒரு டெலிவரி சலான் போக வேண்டும், விற்பனை இல்லை, சொந்தப் பொருள் இடம் மாறுகிறது என்று எழுதி. தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதும், வெளி மாநிலத்துக்கு என்றால் 50,000 ரூபாயைத் தாண்டும்போதும் இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கு ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) கணக்கு வரும். ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் வழியில் தலைவலி இல்லை. ஆபீஸ் பொருட்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அது பெரும்பாலும் பழைய முகவரிக்குத்தான் செல்லும், வண்டியில் இருக்கும்போது உடைந்தால் வராது. டிரான்ஸிட்டுக்குத் தனியாக எடுங்கள், புது முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அணைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

இருக்கிற ஐ.பி. முகவரியைக் குறித்துவையுங்கள். பழைய ஆபீஸில் யாரோ பிளாட்டருக்கு 192.168.1.50 என்று நிலையாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் இருக்கும், பத்து கம்ப்யூட்டரிலும் பிரிண்ட் கொடுத்தால் எதுவும் வராது, மெஷின் கெட்டுவிட்டது என்று எல்லோரும் தலையில் கை வைப்பார்கள். செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டால் போதும், ஐ.பி., ஃபர்ம்வேர், கார்ட்ரிட்ஜ் நிலவரம், ஹெட் நிலவரம் எல்லாம் அதில் இருக்கும்.

கூடவே ஒரு நாசில் செக் (ஹெட்டின் நுண்ணிய ஓட்டைகளெல்லாம் இங்க் விடுகிறதா என்று காட்டும் தாள்), ஒரு வழக்கமான பிளான் ஷீட். இது ரொம்ப முக்கியம். இடம் மாறிய பிறகு கோடு விட்டுவிட்டு வந்தால் அது முன்பே இருந்த கோளாறா, வழியில் வந்ததா என்று சண்டை வரும். தேதி போட்ட இந்த இரண்டு தாளும் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மெஷினை நாலு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள், பின்பக்கக் கேபிள்களையும் சேர்த்து. சில மாடல்களுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும், அதில் காத்திருக்கும் ஜாப்களை அடித்து முடித்துவிடுங்கள் அல்லது அழித்துவிடுங்கள்.

பிறகு ரோலைக் கழற்றுங்கள். ரோலை உள்ளேயே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். 36 இன்ச் அகலம், 50 மீட்டர், 80 ஜி.எஸ்.எம். ரோல் ஒன்று மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும், அது வழியில் ஸ்பிண்டிலோடு, அதாவது ரோலை மாட்டும் தண்டோடு சேர்ந்து குலுங்கினால் அடிவாங்குவது மெஷின்தான். ரோலைப் பாலிதீன் கவரில் சுற்றி, ஸ்பிண்டிலைத் தனியாகக் கட்டுங்கள். சென்னை மாதிரி கடலோர ஈரத்தில் ரோல் ஒரு நாள் திறந்து கிடந்தாலே ஓரம் அலை அலையாகிவிடும், புது இடத்தில் முதல் பிரிண்டே சுருங்கி வரும்.

பிளக்கைப் பிடுங்காதீர்கள்

அணைக்கும் முறையில்தான் பாதி வெற்றி. முன்பக்கம் இருக்கும் பவர் பட்டனை அழுத்தி அணைக்க வேண்டும். அழுத்தியதும் மெஷின் உடனே சாகாது, கொஞ்ச நேரம் கர்புர் என்று சத்தம் போடும். ஹெட்கள் இருக்கும் கேரேஜ் பெரும்பாலும் வலது ஓரத்துக்குப் போய், கீழேயிருந்து வரும் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். நாசில் காயாமல் இருப்பதும், இங்க் சொட்டாமல் இருப்பதும், கேரேஜ் வண்டியில் இங்கும் அங்கும் ஓடி இடிக்காமல் இருப்பதும் அந்த மூடியை நம்பித்தான். விளக்கெல்லாம் அணைந்து, சத்தம் முழுக்க நின்ற பிறகு பின்பக்க ஸ்விட்ச் இருந்தால் அதையும் அணைத்து, கடைசியாகப் பிளக்கை எடுங்கள்.

காலி செய்கிற பரபரப்பில் எலக்ட்ரீஷியன் வந்து மெயினை இறக்கிவிடுவது நடக்கும். அப்படி ஆகிவிட்டால் கரண்டை மறுபடி கொடுத்து, மெஷின் முழுக்க ஆன் ஆகும் வரை பொறுத்து, பட்டனால் முறையாக அணையுங்கள். மூடியைத் திறந்து கேரேஜைக் கையால் வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஓரத்துக்குப் போனாலும் பல மாடல்களில் ரப்பர் மூடி மேலே வந்து உட்கார்ந்திருக்காது.

இங்க் கார்ட்ரிட்ஜைக் கழற்றலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் பிராண்டைப் பொறுத்தது, அதனால்தான் யூடியூபில் ஒருவர் சொன்னதை அப்படியே செய்யக்கூடாது.

எச்பி டிசைன்ஜெட் டி வரிசையின் பல மாடல்களுக்கு மேனுவலே தெளிவாகச் சொல்கிறது: கார்ட்ரிட்ஜையும் ஹெட்டையும் கழற்றாதீர்கள், பேப்பரை எடுங்கள், பட்டனால் அணையுங்கள், கேபிளைக் கழற்றுங்கள், கவிழ்த்துவிடாதீர்கள். கழற்றினால் ட்யூபின் வாய் திறந்துவிடும், காற்று போகும், ஹெட் காயும். பத்திரம் என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் போன இடத்தில் புது ஹெட் வாங்குகிறார்கள்.

கேனான் இமேஜ்ப்ரோகிராஃப் மாடல்களில் கதையே வேறு. மெனுவிலேயே மெஷினை இடம் மாற்றத் தயார் செய்வதற்கென்று ஒரு வேலை இருக்கும். எவ்வளவு தூரம், எப்படிப் போகிறது என்பதற்கு ஏற்றபடி அது ட்யூபில் இருக்கும் இங்க்கை இழுத்து, கழிவு இங்க் சேரும் மெயின்டனன்ஸ் கார்ட்ரிட்ஜில் விட்டுவிடும். அதில் இடம் இல்லையென்றால் முதலில் அதை மாற்றச் சொல்லும், ஆகவே கையில் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அது கடையில் கிடைக்காது. ட்யூபைக் காலி செய்தால் புது இடத்தில் மறுபடி நிரப்ப இங்க் கணிசமாகச் செலவாகும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்சனில் மாடலுக்கு மாடல் முறை மாறுகிறது, மேனுவலில் இடம் மாற்றுவது பற்றிய பகுதியைப் பார்த்து அதன்படி மட்டும் செய்யுங்கள்.

வெளியே தனியாக டேங்க் வைத்து இங்க் ஊற்றுகிற செட்டப் பொருத்தியிருந்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை. அந்த டேங்கில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்கு ஒரு ரப்பர் அடைப்பானும் இருக்கும், வழக்கமாகத் தொலைந்திருக்கும். ஓட்டையை அடைத்து, ட்யூபில் கிளிப் போட்டு, டேங்கை மெஷினோடு அதே உயரத்திலேயே சேர்த்துக் கட்ட வேண்டும். டேங்க் மேலே ஏறினால் இங்க் ஹெட் வழியாக வடியும், கீழே இறங்கினால் ஹெட்டிலிருந்து பின்வாங்கிக் காற்று ஏறும். அதனால் டேங்கை ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடப்பது சரிப்படாது.

கட்டுவது

பேப்பர் விழும் துணிக்கூடை, அடித்த தாளை அடுக்கும் ஸ்டாக்கர், தனியாகக் கழலும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்து ஸ்குருவையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எந்த இடத்து ஸ்குரு என்று எழுதி ஒட்டுங்கள். ஸ்கேனர் உள்ள மாடலில் காலிபரேஷன் ஷீட் என்று ஒரு தாள் கூட வந்திருக்கும், அதை மடிக்காமல் ஃபைலில் வையுங்கள், குப்பையோடு குப்பையாகப் போவது முதலில் அதுதான்.

வாங்கும்போது வந்த தெர்மாகோலும் கேரேஜைப் பிடித்து வைக்கும் துண்டுகளும் பரணில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், மேனுவலில் காட்டியபடி திரும்பப் பொருத்துங்கள். இல்லையென்றால் மூடிகளும் கார்ட்ரிட்ஜ் கதவுகளும் திறக்காதபடி மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும். பிரவுன் டேப் வேண்டாம், உரிக்கும்போது பசை நிற்கும், சில பிளாஸ்டிக்கில் பெயின்டே கூட வந்துவிடும். உள்ளே துணி, நியூஸ்பேப்பர் எதையும் திணிக்காதீர்கள். கேரேஜுக்குப் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பட்டை ஓடும், என்கோடர் ஸ்ட்ரிப் என்பார்கள். ஹெட் எந்த இடத்தில் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிவது அந்தப் பட்டையில் இருக்கும் நுண்ணிய கோடுகளால்தான். அதில் விரல் அழுக்கு, கிரீஸ் பட்டாலே கேரேஜ் தாறுமாறாக ஓடி எர்ரர் காட்டும், உள்ளே திணித்த துணி அதைக் கொக்கியிலிருந்து இழுத்துவிட்டால் அன்றைக்கு வேலை நின்றது.

வெளியே முதலில் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், அதன் மேல் பபுள் ரேப், மூலைகளுக்கு அட்டை. நாலு பக்கமும் மேல் நோக்கிய அம்புக்குறி போட்டு, "சாய்க்கக் கூடாது, உள்ளே இங்க்" என்று தமிழிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். லோடுமேன்களில் வட மாநிலத்துப் பையன்கள் இருந்தால் இந்தியிலும் ஒரு தாள்.

தூக்குவது

ஸ்டாண்டில் இருக்கும் சக்கரம் அறைக்குள் நகர்த்த மட்டும்தான். தெருவில், ரேம்பில், டைல்ஸ் உடைந்த நடைபாதையில் அதை உருட்டினால் சக்கரம் மாட்டியிருக்கும் இடமே விரிசல் விடும். வாசற்படியைத் தாண்ட ஒரு பிளைவுட் பலகை போட்டு மெதுவாக உருட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். நீண்ட தூரம் போகிறது என்றால் மெஷினை ஸ்டாண்டிலிருந்து பிரித்துக்கொண்டு போவது நல்லது, ஆனால் பிரிப்பதும் மட்டமாகத்தான் நடக்க வேண்டும்: நாலு பேர் அடியைப் பிடித்து நேராக மேலே தூக்க, ஐந்தாவது ஆள் ஸ்டாண்டை உருவுவார். பூட்டுவதற்கு மெஷினைப் படுக்கப்போட்டே ஆக வேண்டும் என்கிற மாடலாக இருந்தால் ஸ்டாண்டைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.

கை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தூக்குவதற்கு முன் தொட்டுக் காட்டுங்கள். அடியில் கைப்பிடிக் குழிகள் இருக்கும், அங்கே மட்டும். முன் மூடி, ஸ்கேனர், ரோல் கவர் இதெல்லாம் பார்க்கத்தான் பிடிக்க வசதியாக இருக்கும், முழு எடையும் அதில் வந்தால் கையோடு வந்துவிடும். படியில் இறங்கும்போது கீழே இருப்பவர்கள் தோள் உயரத்துக்குத் தூக்கியும், மேலே இருப்பவர்கள் முழங்கால் அளவுக்குத் தாழ்த்தியும் பிடித்தால்தான் மெஷின் மட்டமாக இருக்கும். கீழ்ப் பக்கம் உயரமான, பலமான ஆட்களைப் போடுங்கள். மூச்சு வாங்கினால் லேண்டிங்கில் இறக்கிவைத்து வாங்கட்டும், நடுப்படியில் ஒரு முனையை ஊன்றி ஓய்வெடுப்பது கூடாது. கட்டளை கொடுப்பது ஒரே ஒரு ஆளாக இருக்கட்டும். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் நாலு பக்கமிருந்து "பாத்து, பாத்து" என்று கத்துவது யாருக்கும் உதவாது.

வண்டி

டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, இதற்குப் போதும். பின்பக்கத் தட்டு சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், 44 இன்ச் மெஷின்கூட நீளவாக்கில் உட்காரும். மூடிய பாடி உள்ள வண்டி கிடைத்தால் அதைப் பிடியுங்கள். திறந்த வண்டி என்றால் தார்பாய், அதுவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு தார்பாய். வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

மெஷினைத் தட்டின் முன்பக்கம், டிரைவர் கேபினை ஒட்டி வையுங்கள், பின் ஓரத்தில் குதிப்பு அதிகம். அடியில் பழைய மெத்தை, இல்லையென்றால் மடித்த அட்டைகள். சக்கரம் இருந்தால் பிரேக்கைப் போட்டு, மெஷினின் அடிப்பகுதியையும் ஸ்டாண்டையும் சேர்த்து பெல்ட்டால் கட்டுங்கள். மூடிக்கு மேலாகக் கயிற்றைப் போட்டு இறுக்கினால் மூடி வளைந்து உள்ளே இருக்கும் ரோலர்களை அழுத்தும். மேலே நாற்காலி, ஃபைல் மூட்டை எதுவும் ஏறக்கூடாது. ஆபீஸ் சாமான் எல்லாம் ஒரே நடையில் போய்விடும் என்று டிரைவர் சொல்வார், பிளாட்டருக்குத் தனி நடை பேசுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்காமல் ஓட்டச் சொல்லி, உங்கள் ஆள் ஒருவரை முன்னால் உட்கார வைத்து அனுப்புங்கள்.

புது இடத்தில்

இடம் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஏ.சி. காற்று நேராக மெஷின் மேல் விழும் இடமும், மேற்கு வெயில் விழும் ஜன்னல் ஓரமும் வேண்டாம். சில மாடல்களில் ரோலைப் பின்பக்கத்திலிருந்து போட வேண்டியிருக்கும், அதனால் சுவரோடு ஒட்டாமல் ஒரு ஆள் நின்று குனியும் அளவு இடம் விடுங்கள். முன்னால் ஏ0 ஷீட் ஒன்று வெளியே வந்து விழ வேண்டும், அது 1,189 மில்லிமீட்டர் நீளம்.

பிளக் மாட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்து அந்தப் பாயின்ட்டை அளக்கச் சொல்லுங்கள். புதிதாக இன்டீரியர் செய்த ஆபீஸ்களில் எர்த் வயர் பல சமயம் பெயருக்குத்தான் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இங்க்ஜெட் பிளாட்டர் அதிகம் கரண்ட் இழுக்காது, ஆபீஸ் யு.பி.எஸ்.ஸிலேயே போடலாம், கரண்ட் போனாலும் ஹெட் மூடியில் போய் உட்கார நேரம் கிடைக்கும்.

நல்ல நேரம் பார்த்துத்தான் ஆன் செய்வீர்கள், தெரியும். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறீர்கள் என்றால் 10.30 முதல் 12 வரை ராகு காலம், அந்த ஒன்றரை மணி நேரத்தை மெஷினைச் சும்மா நிற்க விடுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சந்தனம், குங்குமம் பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் வைத்தால் ஒன்றும் ஆகாது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேண்டாம், அத்தனை பாடுபட்டுச் சாய்க்காமல் கொண்டுவந்த மெஷினை அங்கே சாய்ப்பானேன்?

ஆன் செய்வதற்கு முன் டேப், தெர்மாகோல், கேரேஜைப் பிடித்து வைத்த துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள். டார்ச் அடித்து உள்ளேயும் அடியிலும் இங்க் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிளக்கைத் தொடாமல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லையென்றால் ஆன் செய்யலாம். ஆகி முடிக்கச் சில நிமிஷம் எடுக்கும், ட்யூபைக் காலி செய்து கொண்டுவந்தது என்றால் நிரப்புவதற்கு இன்னும் நேரமாகும், நடுவில் அணைக்காதீர்கள்.

முதலில் நாசில் செக். பழைய ஆபீஸில் எடுத்த தாளோடு ஒப்பிடுங்கள். கோடு விடுபட்டால் ஒரு கிளீனிங் கொடுங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. அதற்கும் வரவில்லையென்றால் சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள், ட்யூபில் புகுந்த சின்னக் காற்றுக் குமிழி பல நேரம் தானே அடங்கும். வரிசையாகக் கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருந்தால் இங்க்தான் கழிவில் போகும். பிறகு ஹெட் அலைன்மென்ட், அப்புறம் பேப்பர் நகர்வு காலிபரேஷன் (பேப்பர் சரியான அளவு நகரும்படி திருத்துவது), மெனுவில் இரண்டும் இருக்கும்.

நெட்வொர்க்கில் புது ரவுட்டருக்கு ஏற்ற ஐ.பி. கொடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் போர்ட்டை மாற்றுங்கள். ரவுட்டரிலேயே அந்த முகவரியைப் பிளாட்டருக்கென்று ஒதுக்கிவிட்டால் பிறகு தொல்லையில்லை.

கடைசியாக ஆட்டோகேடில் நீளவாக்கில் 1,000 மில்லிமீட்டர் கோடு ஒன்று, குறுக்கே 500 மில்லிமீட்டர் கோடு ஒன்று வரைந்து, ஒன்றுக்கு ஒன்று ஸ்கேலில் அடித்து, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இந்த வகை மெஷின்களில் பலவற்றுக்குக் கோட்டுத் துல்லியம் 0.1 சதவீதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதாவது மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். அதற்குள் இருந்தால் சைட்டுக்கு டிராயிங் அனுப்ப ஆரம்பிக்கலாம். நீளத்தில் மட்டும் 3, 4 மில்லிமீட்டர் விலகினால் நீங்கள் போட்டிருக்கும் அதே பேப்பரில் நகர்வு காலிபரேஷனை மறுபடி ஓட்டுங்கள், அகலத்தில் விலகினால் என்கோடர் ஸ்ட்ரிப்பை இன்ஜினியர் பார்க்க வேண்டும்.